ஆட்டோகேடில் அளவு குறித்தல்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கணினியில் வரைபடம் வரைய உதவும் ஆட்டோகேட் மென்பொருளில் கோடும் வட்டமும் வரையப் பழகுவதற்கு அதிக நாள் ஆகாது. இயந்திர உதிரிபாகங்களுக்கான வரைபடங்களைப் பல ஆண்டுகளாக அதில்தான் வரைந்துவருகிறேன். என் நேரத்தில் பெரும்பகுதி அளவு குறிப்பதற்கே போகிறது. லேத்தில் நிற்பவர் வரைபடத்தின்மேல் ஸ்கேலை வைத்து அளப்பதில்லை. எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் கடைகிறார். ஆகவே அந்த எண்ணை எவ்வளவு உண்மையாகக் காப்பாற்றித் தருகிறது என்பதை வைத்தே இந்த மென்பொருளை மதிப்பிடுகிறேன்.

இதன் பெரிய பலம், அளவுக்குறிப்பு உருவத்தோடு பிணைந்திருப்பது. டிம்அசாக் என்ற அமைப்பின் மதிப்பு 2 ஆக இருக்கும்போது குறித்த அளவுகள், துளையை நகர்த்தியதும் தாமாகவே மாறிக்கொள்ளும். மதிப்பு 1 என்றால் இந்தப் பிணைப்பு கிடையாது. 0 என்றால் டைமென்ஷன் (அளவுக்குறிப்பு) ஒரே பொருளாக இல்லாமல் தனித்தனிக் கோடுகளும் அம்புகளும் எழுத்துமாக வந்து விழும். பிறர் வரைந்த கோப்பைத் திறந்ததும் அனோடேஷன் மானிட்டரை இயக்கிவிடுவேன். பிணைப்பு அறுந்த அளவுகளின் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி தோன்றும். கண்ணை உறுத்துகிறது என்று பலர் இதை அணைத்து வைக்கிறார்கள். எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது.

ஏனென்றால், இந்தப் பிணைப்பைப் பொய்யாக்கும் வழியும் உள்ளேயே இருக்கிறது. அளந்து காட்டும் 48-ஐ அழித்துவிட்டு 50 என்று தட்டச்சு செய்யலாம்; மென்பொருள் தடுக்காது. அதன்பின் உருவம் எப்படி மாறினாலும் 50 அசையாது. அதே கோப்பிலிருந்து லேசர் வெட்டுக்கான பாதையை எடுத்தால் தகடு 48-ஆக வரும், காகிதத்திலோ 50 நிற்கும். எண்ணோடு ஏதாவது சேர்க்க வேண்டுமானால் அளந்த மதிப்பைத் தொடாமல் அதற்கு முன்னோ பின்னோ எழுதலாம். அப்போது அது தொடர்ந்து உருவத்தைப் பின்பற்றும்.

தசம இடங்களிலும் கவனம் வேண்டும். கோட்டின் முனை, வட்டத்தின் மையம் போன்ற புள்ளிகளைத் துல்லியமாகப் பிடிக்கும் ஆப்ஜெக்ட் ஸ்னாப் இல்லாமல் கண்மதிப்பில் முடித்த கோட்டின் நீளம் 49.9873 ஆக இருக்கலாம். அளவுகளின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் டைமென்ஷன் ஸ்டைலில் தசமமே வேண்டாம் என்று வைத்திருந்தால் அது 50 என்றே தெரியும். அதனால் வரையும்போது நான்கு தசம இடங்களை வைத்துக்கொண்டு, எல்லாம் சரியென்று கண்ட பிறகே குறைக்கிறேன்.

எந்த அளவை எங்கிருந்து கொடுப்பது என்பதை மட்டும் எந்த மென்பொருளும் சொல்லித் தராது. ஒரே வரிசையில் ஐந்து துளைகள் என்று வைத்துக்கொள்வோம். கன்டின்யூ கட்டளையால் விளிம்பிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் குறித்து, ஒவ்வோர் அளவுக்கும் ±0.1 மி.மீ. டாலரன்ஸ் (அனுமதிக்கும் விலகல்) கொடுத்தால், ஐந்தாவது துளை விளிம்பிலிருந்து ±0.5 வரை விலகலாம். பேஸ்லைன் கட்டளையால் எல்லாவற்றையும் அதே விளிம்பிலிருந்து குறித்தால் எந்தத் துளையும் ±0.1-ஐத் தாண்டாது; ஆனால் பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் இடைவெளி ±0.2 வரை மாறலாம். இரண்டு முளைகள் கொண்ட மூடி ஒன்று அடுத்தடுத்த இரு துளைகளில் உட்கார வேண்டுமென்றால், அந்த இடைவெளியை நேராகக் குறித்தே ஆக வேண்டும். பாகம் எதோடு பொருந்தப்போகிறது என்று தெரியாமல் அளவு குறிக்க உட்காரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தொடர் அளவுகள் எல்லாவற்றையும் கொடுத்த பிறகு மொத்த நீளத்தையும் எழுத விரும்பினால், அதை அடைப்புக்குறிக்குள் துணை அளவாகப் போடுங்கள். இல்லையேல் எதை நம்புவதென்று பட்டறையில் குழம்புவார்கள்.

உருவத்தை, வரைவதற்கான மாடல் வெளியில் எப்போதும் 1:1 அளவில்தான் வரைய வேண்டும். 1:2 விகிதத்தில் அச்சாகும் தாளில் எழுத்து 3.5 மி.மீ. உயரம் இருக்க, மாடலில் அது 7 மி.மீ. இருக்க வேண்டும். 2008 பதிப்பில் வந்த அனோடேடிவ் வசதி இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது. அச்சுக்கான லேஅவுட் தாளிலேயே அளவு குறிப்பவர்கள், மாடலைக் காட்டும் வியூபோர்ட் சாளரத்துக்குள் சுட்டியின் சக்கரத்தை உருட்டிய பின் அளவுகள் இடம் பிசகியிருந்தால் டிம்ரீஜென் கட்டளையைக் கொடுக்கலாம். 2016 பதிப்பில் புதுப்பித்த டிம் கட்டளையும் எனக்கு மிகவும் பிடித்தது. சுட்டியைப் பொருளின்மேல் கொண்டுபோனாலே நேர்நீளமா, கோணமா, ஆரமா, விட்டமா என்று பொருத்தமான வகையை எடுத்துக்கொள்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஐஎஸ்ஓ-25 என்ற இயல்பு ஸ்டைலை அப்படியே பயன்படுத்த வேண்டாம். அதில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி விழும், 12.5 என்பது 12,5 என்று அச்சாகும். உங்கள் பட்டறை எதைப் படித்துப் பழகியிருக்கிறது என்று கேட்டு அதை மாற்றுங்கள். காட்சிகளைத் தாளில் அடுக்கும் முறை முதல் கோண வீழலா, மூன்றாம் கோண வீழலா என்பதற்கான குறியீட்டையும் தலைப்புக் கட்டத்தில் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிட்டுப் பிறகு முதல் கோட்டை வரையுங்கள்.