கழிவுநீர் லாரி சேவை: எந்த வண்டியை வீட்டுக்கு வரவழைக்கலாம்?

செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் நம்பருக்கு ஒரு போன், "ஒரு லோடு எவ்வளவு?" என்று ஒரு கேள்வி, கொஞ்சம் பேரம், ஒரு மணி நேரத்தில் வாசலில் வண்டி. வந்த வண்டிக்கு உரிமம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டு நகரங்களில் கிடைக்கும் இந்தச் சேவையை எடைபோட உட்கார்ந்தால் அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். விலையும் வேகமும் அதற்குப் பிறகுதான்.

செப்டிக் டேங்க் கழிவை எடுத்துச் செல்லும் தனியார் வண்டிகள் உள்ளாட்சியிடம் உரிமம் வாங்கியே ஓட வேண்டும் என்பதற்கான சட்டத் திருத்தம் 2022ல் வந்தது. உரிமம் இரண்டு வருடத்துக்குச் செல்லும். கழிவைக் கண்ட இடத்தில் கொட்டினால் முதல் தடவை 25,000 ரூபாய், மறுபடியும் பிடிபட்டால் 50,000 ரூபாய் அபராதம். டிரைவரிடம் உரிம நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள வண்டி எண்ணும் நம்பர் பிளேட்டும் ஒன்றாக இருக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது. முதலாளியிடம் நாலு வண்டி இருந்து ஒன்றுக்கு மட்டும் உரிமம் இருந்தால், மற்ற மூன்றுக்கும் அது செல்லாது. போனில் பேசும்போதே வண்டி எண்ணையும் உரிம நகலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது நல்லது. சரியான ஆட்கள் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். "அதெல்லாம் இருக்கு சார், வண்டியில இருக்கு" என்று இழுத்தால் வேறு ஆளைப் பார்க்கலாம். யாரைக் கூப்பிடுவது என்றே தெரியாவிட்டால் 14420 என்ற உதவி எண் இருக்கிறது. நகராட்சி, பேரூராட்சி அலுவலகத்திலும் உரிமம் பெற்ற வண்டிகளின் பட்டியலைக் கேட்கலாம்.

இனி சொல்லப்போவதுதான் இந்தச் சேவையில் தலையாயது. எந்தக் காரணத்துக்காகவும் ஆள் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் பணிக்குத் தடை விதிக்கும் சட்டத்தில், பாதுகாப்பில்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்கிலோ பாதாளச் சாக்கடையிலோ இறக்குவது குற்றம். இந்தத் தடை தனி நபருக்கும் பொருந்தும், அதாவது வேலைக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரருக்கும் பொருந்தும். முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் ஐந்து வருடம், ஐந்து லட்சம் வரை போகும். சாக்கடைப் பணியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. அதற்கு முன் அது 10 லட்சமாக இருந்தது.

சட்டத்தை விடுங்கள், தொட்டிக்குள் இருக்கும் வாயுவைப் பாருங்கள். கசடு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். மிகக் குறைந்த அளவிலேயே அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு அளவுக்கு ஏறியதும் மூக்கு மரத்துப்போய்விடும். "இப்ப நாத்தம் குறைஞ்சிடுச்சு" என்று நினைக்கிற அந்த நேரம்தான் ஆபத்து. 700 பங்கைத் தாண்டினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். குச்சியால் கலக்கினாலே கசடுக்குள் அடைபட்ட வாயு மொத்தமாக வெளியேறும். அதனால்தான் முதலில் இறங்கியவரைத் தூக்கப் போன இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் சேர்ந்து சாகிறார்கள். முகத்தில் கட்டும் துணியோ சாதாரண மாஸ்க்கோ இந்த வாயுவைத் தடுக்காது. மீத்தேனும் உண்டு, காற்றில் 5 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். மூடியைத் திறந்த இடத்தில் தீக்குச்சி, பீடி, கொசுவர்த்தி எதுவும் வேண்டாம்.

ஆகவே லாரியோடு வந்தவர் செருப்பைக் கழற்றி, கைலியை மடித்துக் கட்டி, "அடியில கொஞ்சம் கெட்டியா இருக்கு, இறங்கி வழிச்சுடறேன், தனியா ஐந்நூறு குடுங்க" என்று சொன்னால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அப்படிச் சொல்ல வைக்கும் சேவைக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. கெட்டிக் கசடுக்கு இறங்காமலே வழி இருக்கிறது.

வேலை எப்படி நடக்க வேண்டும்? மூடிகளை எல்லாம் திறந்து குறைந்தது அரை மணி நேரம் விட வேண்டும். இரண்டு அறை உள்ள தொட்டி என்றால் இரண்டு மூடியும் திறக்க வேண்டும். ஒரு மூடியைத் திறந்து முதல் அறையை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போவது இந்தத் தொழிலில் வழக்கமான ஏமாற்று. ஓஸின் நுனி எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். தொட்டியில் மேலே ஏடு, நடுவே தண்ணீர், அடியில் கசடு என்று மூன்று அடுக்கு. ஓஸை மேலாக விட்டால் தண்ணீர்தான் வரும், லாரி சீக்கிரம் நிரம்பும், ஆட்களும் சீக்கிரம் கிளம்பலாம். கசடு அப்படியே கிடக்கும். நல்ல ஆட்கள் ஓஸை அடிவரை இறக்குவார்கள். கெட்டியாக இருந்தால் உறிஞ்சிய தண்ணீரிலேயே கொஞ்சத்தை அழுத்தத்தோடு திருப்பி விட்டுக் கசடைக் கலக்கி மறுபடி உறிஞ்சுவார்கள். வண்டியின் பின்பக்கம் கண்ணாடிக் குழாய் இருந்தால் அதில் ஓடுவது தெளிந்த தண்ணீரா கறுத்த குழம்பா என்று நீங்களே பார்க்கலாம். உள்ளே வரும் குழாயிலும் வெளியே போகும் குழாயிலும் உள்ள 'டி' வடிவத் துண்டில் ஓஸ் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது உடைந்தால் ஏடு நேராக உறிஞ்சு குழிக்கு, அதாவது தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீர் மண்ணில் இறங்கும் குழிக்குப் போய், மண்ணின் துளைகளை அடைத்துவிடும்.

லோடு கணக்கையும் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். 8 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி தண்ணீர் மட்டம் என்றால் 240 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் சுமார் 6,800 லிட்டர். 6,000 லிட்டர் லாரி ஒரு நடை அடித்தால் 800 லிட்டர் மிச்சம், அதாவது அந்தத் தொட்டியின் தரையில் 7 அங்குல உயரம். மேலாக உறிஞ்சியிருந்தால் அந்த 7 அங்குலமும் சுத்தக் கசடுதான். இரண்டாவது நடை வேண்டுமா என்பதை இந்தக் கணக்கோடு பேசுங்கள். அதற்காகத் துளி விடாமல் காலி செய்யவும் வேண்டாம். கொஞ்சம் பழைய கசடு அடியில் இருந்தால்தான் புதுக் கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிர் சீக்கிரம் பெருகும். வேலை முடிந்ததும் பிளீச்சிங் பவுடர், ஆசிட், பினாயில் ஊற்றிக் கழுவித் தரும் 'எக்ஸ்ட்ரா சர்வீஸ்' வேண்டவே வேண்டாம், அந்த நுண்ணுயிரைத்தான் அது கொல்லும். நிலத்தடி நீர் மேலே இருக்கும் மழைக்காலத்தில், குறிப்பாக பிளாஸ்டிக் தொட்டியை, காலியாக விடாமல் உடனே தண்ணீர் நிரப்புங்கள். வெறுந்தொட்டி மண்ணிலிருந்து மிதந்து எழும், குழாய் இணைப்பெல்லாம் பிய்ந்துபோகும்.

காலியான தொட்டியை மூடுவதற்கு முன் பத்து நிமிடம் வெளியே போகும் குழாயைக் கவனியுங்கள். அங்கிருந்து தண்ணீர் தொட்டிக்குள் திரும்பி வழிந்தால் உறிஞ்சு குழி அடைத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது எத்தனை லாரி கூப்பிட்டாலும் சில வாரத்தில் மறுபடி நிரம்பும். பணத்தைக் குழிக்குச் செலவழிக்க வேண்டும். இதைச் சொல்லித் தரும் லாரிக்காரர் தன் அடுத்த லோடை இழந்து உங்களுக்கு உதவுகிறார். அப்படிப்பட்டவர் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கழிவு போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்துத்தான் விலை மாறுகிறது. உரிமம் உள்ள வண்டி உள்ளாட்சி காட்டிய இடத்தில், அதாவது சுத்திகரிப்பு நிலையத்திலோ கசடுக் கழிவு நிலையத்திலோ இறக்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இருப்பதுதான் மாநிலத்தின் முதல் கசடுக் கழிவு நிலையம், 2017ல் தொடங்கியது. இப்படி ஒரு நிலையம் வரை போய்வரும் டீசல், அங்கே காத்திருக்கும் நேரம், இறக்கும் கட்டணம் எல்லாம் உங்கள் பில்லில் சேரும். உரிமம் இல்லாத டிராக்டர் டேங்கர் சில நூறு ரூபாய் குறைவாகக் கேட்பது, ராத்திரி ஏதாவது ஓடையிலோ ஏரிக்கரையிலோ திறந்துவிடும் துணிச்சலில்தான். அந்த ஏரி நம் போர்வெல்லுக்கு ஊற்று என்பதை மறந்துவிடுகிறோம். வேலை முடிந்ததும் வண்டி எண், தேதி, எத்தனை நடை, எங்கே இறக்கப்படும் என்பது எழுதிய ரசீது கேளுங்கள்.

நம் கணக்கில் உரிமம், அடிவரை போகும் ஓஸ், ரசீது மூன்றும் உள்ள வண்டிக்கு ஐந்துக்கு நாலு. ஒரு மதிப்பெண் குறைவது பணியாளர்களுக்காக: கையுறை, கம்பூட், முகக் கண்ணாடி எல்லாம் வண்டிப் பெட்டியில் புதிதாகக் கிடக்கின்றன, ஓஸைச் சுருட்டுபவரோ வெறுங்கையோடு நிற்கிறார். சாக்கடை, செப்டிக் டேங்க் பணியாளர்களுக்காக மத்திய அரசு 2023ல் தொடங்கிய நமஸ்தே திட்டத்தில் இவர்களுக்குப் பாதுகாப்பு உபகரணமும் மருத்துவக் காப்பீடும் உண்டு. பதிவு செய்திருக்கிறாரா என்று முதலாளியிடம் கேளுங்கள். உரிமம் காட்டாத வண்டி எவ்வளவு மலிவானாலும் ஐந்துக்கு ஒன்று. நுண்ணுயிர்ப் பொடி பாக்கெட்டுகளை லாரிக்கு மாற்றாக விற்கிறார்கள். தொட்டியில் சேர்ந்த மணலையும் மக்காத குப்பையையும் எந்தப் பொடியும் கரைக்காது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வந்தே ஆக வேண்டும். வந்துபோன தேதியைத் தொட்டி மூடியின் அடிப்பக்கத்தில் பெயின்டால் எழுதி வையுங்கள், அடுத்த முறை யார் திறந்தாலும் தெரியும்.