500 புல்லட்டுக்கு 28-ஆ, 32-ஆ?

சேலத்தில் கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஏற ஆரம்பித்தால் ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வேகம் செத்து, இரண்டாவது கியரில் மறுபடி இழுக்க வேண்டும். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் 500 சிசி புல்லட்டுக்கு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டர் 28 மி.மீ. துளையுள்ளதா, 32 மி.மீ. துளையுள்ளதா என்று கேட்பவர்களை முதலில் இந்த ரோட்டை நினைத்துப் பார்க்கச் சொல்வேன்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை உள்ளே இழுக்கும். நிமிடத்துக்கு 5,000 சுற்றில்கூட அது 1,250 லிட்டருக்கு மேல் கேட்பதில்லை. வளைவில் திரும்பும்போது அதில் பாதிகூட இருக்காது. 32 மி.மீ. துளையின் பரப்போ 28-ஐவிட 30 சதவீதம் அதிகம். அதே காற்று அகலமான வழியில் போனால் வேகம் குறையும். ஜெட்டிலிருந்து (பெட்ரோல் வரும் சிறு துளை) பெட்ரோலை உறிஞ்சும் விசையும் அதோடு குறையும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கும்போது வண்டி ஒரு நொடி திணறுவது இதனால்தான். 28-இல் அந்தத் திணறல் ரொம்பக் குறைவு.

32 மோசம் என்று சொல்லவில்லை. போர்ட்டை (எஞ்சினுக்குள் காற்று போகும் வழி) பெரிதாக்கி, கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) மாற்றி, பெங்களூரு ரோட்டில் உயர்ந்த சுற்றிலேயே ஓட்டுபவருக்கு அதுதான் சரி. கை வைக்காத எஞ்சினுக்கு 28 போதும்.

அப்புறம், ஏற்காடு சேலத்தைவிட 1,200 மீட்டர் உயரம். காற்று மெலிவதால் எந்த அளவு கார்புரேட்டரிலும் கலவையில் பெட்ரோல் மிகும். மேலே போனதும் அரை ஆக்சிலேட்டரில் புகை கறுத்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே மாற்றிப் பாருங்கள்; ஊசி கீழே இறங்கி பெட்ரோல் குறையும். இறங்கியதும் மறக்காமல் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள்.