“கோர்ட்டுக்கு வரத் தேவையில்லை” என்று வசூல்காரர் சொன்னால் நம்பாதீர்கள்

ஆரையம்பதியில் சிறிய கடை நடத்தும் என் அக்கா, மட்டக்களப்பு நகரில் ஒரு குளிர்சாதனப் பெட்டியைத் தவணைக்கு வாங்கினார். வியாபாரம் படுத்த காலத்தில் சில தவணைகள் தவறின. மாவட்ட நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தது.

அதையடுத்து விற்றவர்களின் வசூல்காரர் வந்தார். ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, “இனி வழக்கு இல்லை அக்கா, நாங்களே வாபஸ் வாங்கிவிடுவோம், நீங்கள் கோர்ட்டுக்கு வரத் தேவையில்லை” என்றார். எழுதித் தரும்படி அக்கா கேட்டதும் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் அப்படியே எழுதினார். கையெழுத்து என்று ஒரு கிறுக்கல். பெயரில்லை, திகதியில்லை, முத்திரையுமில்லை. முன்பக்கத்துக் கார்பன் எழுத்தோ வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும்.

வழக்கை யாரும் வாபஸ் வாங்கவில்லை. குறித்த நாளில் அக்கா ஆஜராகாததால் ஒருதலைப்பட்ச விசாரணைக்குப் போயிற்று. அப்படிப்பட்ட விசாரணையில் வழக்காளி ஒரு சத்தியக் கடதாசியாலேயே தன் கணக்கை நிரூபித்துவிடலாம். மறுத்துப் பேச எதிரில் ஆளில்லை. வசூல்காரர் கையில் கொடுத்த பணம் அந்தக் கணக்கில் கழிக்கப்படவே இல்லை.

தொகை சின்னது, போகாவிட்டால் திகதி தள்ளிப்போடுவார்கள் என்று நம் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். தள்ளிப்போவது திகதியல்ல, உங்கள் பக்கத்து நியாயம்.

பிறகு தீர்ப்பாணை வீட்டுக்கு வந்தது. அக்கா தொலைபேசியில் கேட்டபோது, “அது பழைய கடதாசி, கிழித்துப் போடுங்கள்” என்றாராம் அதே மனிதர். அதை அறியாமையில் சொன்ன பேச்சாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 86ஆம் பிரிவு, தீர்ப்பாணை கையளிக்கப்பட்டதிலிருந்து 14 நாட்களுக்குள் அதே நீதிமன்றத்தில் மனுவும் சத்தியக் கடதாசியும் கொடுத்து, வராமல்போனதற்கு நியாயமான காரணம் காட்டினால் தீர்ப்பை நீக்கிக்கொள்ள இடம் தருகிறது. அந்த நாட்கள் கழியட்டும் என்றுதான் இந்த ஆறுதல் வார்த்தை. தீர்ப்பு வந்தால் எல்லாம் முடிந்தது என்று தலையில் கைவைத்து உட்காருவோருக்கும் நாள் அப்படித்தான் போகிறது. பிறகு வீட்டுப் பொருட்களைக் கைப்பற்றும் எழுத்தாணையோடு நீதிமன்றத்தின் பிஸ்கல் உத்தியோகத்தர் வாசலில் நிற்பார். உடுதுணி, படுக்கை போன்றவற்றைச் சட்டம் காக்கும். தளபாடமும் தொலைக்காட்சியும் அந்தக் கணக்கில் வராது.

நாங்கள் கடதாசியைக் கிழிக்கவில்லை. சட்டத்தரணியிடம் ஓடினோம். பற்றுச்சீட்டின் அந்தப் பின்புறக் கிறுக்கலையும் மனுவோடு இணைத்தோம். எதிர்த்தரப்பு அது தங்கள் ஆளின் கையெழுத்தே இல்லை என்று சாதித்துப் பார்த்தது. நீதிமன்றம் எங்கள் காரணத்தை ஏற்றுத் தீர்ப்பை நீக்கியது. கடன் நீங்கவில்லை, மறுமொழி கொடுத்து வழக்கை இனித்தான் பேசப்போகிறோம். கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்க இப்போதாவது வாய் இருக்கிறது.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தில் விசாரியுங்கள். வழக்கு வாபஸ் என்று யார் சொன்னாலும், குறித்த திகதியில் நேரில் போய் நீதிமன்றத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வசூல்காரர் இப்போது களுதாவளைப் பக்கம் போய்வருவதாகக் கேள்வி.