ஏரிக்கரை விடுதி அறையா, தனிக் குடிலா? நாயுடன் தங்குவோருக்கான ஒப்பீடு

நாயையும் அழைத்துக்கொண்டு மலை ஏரிக்குச் செல்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வகைத் தங்குமிடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, விடுதியின் பிரதான கட்டடத்திலுள்ள அறை. மற்றொன்று, அதே வளாகத்தில் தள்ளி நிற்கும் தனிக் குடில். இரண்டிலும் 'நாய்களுக்கு அனுமதி உண்டு' என்றே எழுதியிருப்பார்கள் என்றாலும், அந்த அனுமதி எதுவரை செல்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

பல விடுதிகள் நாயை அறையில் தனியே விட்டுச் செல்ல அனுமதிப்பதில்லை. உணவுக்கூடத்திற்குள்ளும் நாயை அழைத்துச் செல்ல முடியாது. இவ்விரு விதிகளும் சேரும்போது, குடும்பத்தில் ஒருவர் ஒவ்வொரு வேளையும் உணவைத் தள்ளிப்போட வேண்டிவரும். இதை முன்பதிவின்போதே கேட்பவர்கள் குறைவு. மேலும், மனிதரைவிட இருமடங்குக்கும் மேலான அதிர்வெண் ஒலிகளைக் கேட்கக்கூடிய நாய்க்கு, நடைக்கூடத்தில் பிறர் நடமாடும் ஓசையே இரவெல்லாம் குரைக்கப் போதுமான காரணமாகிவிடும். தரைத்தளத்தில், நேரே வெளியே திறக்கும் கதவுள்ள அறை கிடைத்தால் இக்குறை பாதியாகக் குறையும்.

குடிலில் சமையலறை இருக்குமானால் உணவுவேளைச் சிக்கல் எழுவதில்லை. அண்டைச் சுவரும் இல்லை. ஆனால் பெரும்பாலான குடில்களைச் சுற்றி வேலி இருப்பதில்லை. கதவைத் திறந்ததும் காடு தொடங்கிவிடும். காட்டு விலங்கின் வாசனையைப் பிடித்து ஓடும் நாயைக் கூப்பிட்டுத் திருப்புவது எளிதன்று என்பதால், விடியற்காலையில்கூடக் கயிறு அவசியம். உயரமான புல்லில் உண்ணிகளும் காத்திருக்கும். ஒவ்வொரு உலாவுக்குப் பிறகும் காது மடல், அக்குள், விரலிடுக்கு ஆகியவற்றைத் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணிக் கடியால் பரவும் பாக்டீரியா தொற்றான லைம் நோய் உள்ள பகுதிகளில், ஒட்டிய உண்ணியை ஒரு நாளுக்குள் அகற்றிவிட்டால் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

ஏரியை ஒட்டியே தங்குவதுதான் உயர்ந்தது என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. கோடையின் பிற்பகுதியில், அசைவற்ற வெதுவெதுப்பான நீரில் நீலப்பச்சைப் பாசி பெருகுவதுண்டு. அதன் நச்சு கல்லீரலையோ நரம்புகளையோ தாக்கிச் சில மணி நேரத்திலேயே நாயைக் கொன்றுவிடக்கூடும். நீந்தி வந்த நாய் தன் ரோமத்தை நக்குவதாலும் நச்சு உள்ளே செல்கிறது. நீரைக் கொதிக்கவைத்தாலும் அது அழிவதில்லை. பனி உருகிவரும் குளிர்ந்த ஏரிகளில் பாசி குறைவுதான், எனினும் அங்கே குளிரே ஆபத்தாகிறது, ஏனெனில் நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஆகவே, தண்ணீரைக் கண்டதும் பாயும் நாய்க்குக் கரையிலிருந்து சற்றுத் தள்ளிய குடிலே நல்லது.

வயது முதிர்ந்த, மூட்டுவலியுள்ள அல்லது குட்டை ரோமமுள்ள நாய்க்கு மட்டும் என் பரிந்துரை மாறும். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறைவதால் மலை இரவுகள் கடுமையாக இருக்கும். சீராகச் சூடேற்றப்பட்ட விடுதி அறையே அதற்கு ஏற்றது. கூடாரத்தை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே தேவையில்லை.

கட்டணத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: நாய்க்கான தொகை சில இடங்களில் இரவுக்கணக்கிலும், சில இடங்களில் தங்கலுக்கு ஒருமுறையும் பெறப்படுகிறது, நீண்ட தங்கலுக்கு இரண்டாவது முறையே சிக்கனமானது.