மடங்கிய மோதிர விரல்: பட்டி, ஊசி, கத்தி

கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே சாறி பிளவுஸ் தைக்கிறேன். போன ஆவணியில் ஒருநாள் காலை, வலது மோதிர விரல் மடங்கியபடியே கிடந்தது. மற்றக் கையால் நிமிர்த்தினால் ‘டக்’கென்று துள்ளி எழும்பும். உள்ளங்கையில் அந்த விரல் தொடங்கும் இடத்தில் சின்னக் கட்டி. அமத்தினால் உயிர் போகும்.

உள்பாவாடை நாடாவில் முடிச்சு விழுந்தால் மடிப்புக்குள் இறுகி நிற்குமே, அதேதான். விரலை மடக்கும் நாண் தடித்துப்போய், அது ஓடும் வளையத்துக்குள் சிக்குகிறது. ‘ட்ரிகர் ஃபிங்கர்’ என்பது இதைத்தான். சீனி வருத்தக்காரருக்கு, அதாவது நீரிழிவு உள்ளவர்களுக்கு, இது கூடுதலாக வருமாம். எனக்கு 11 வருடமாகச் சீனி.

மச்சாள் கொண்டுவந்த நோவுக்குப் பூசும் எண்ணெய்க்கு வாசம் நல்லது, வேறொன்றும் இல்லை.

முதலில் விரலை மடங்காமல் நிமிர்த்தி வைக்கும் பட்டி, 6 கிழமை. பகலில் போட்டால் கத்தரிக்கோல் பிடிக்க ஏலாது, அதனால் இரவில் மட்டும். காலை விறைப்புக் குறைந்தது. பட்டியை விட்டதும் பழையபடி வந்துவிட்டது.

அடுத்தது தனியார் இடமொன்றில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி டொக்டரைப் பதிவு செய்து, போட்ட ஸ்டீரொயிட் ஊசி. மூன்றாம் கிழமை விரல் வழுக்கிக்கொண்டு ஓடியது, சந்தோஷம்தான். ஆனால் ஊசி போட்ட மறுநாள் வெறுவயிற்றில் சீனி 240! சில நாட்களுக்கு ஏறும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படிவத்தில் நீரிழிவு என்று எழுதிக் கொடுத்தவள் நான். நாலு மாதத்தில் விரல் மறுபடி பூட்டிக்கொண்டது. சீனி உள்ளவர்களுக்கு ஊசி அவ்வளவாக நிலைக்காது என்பதையும் பிறகுதான் அறிந்தேன்.

கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை. காசு கட்டத் தேவையில்லை, ஆனால் விடிய ஐந்தரைக்கே வரிசையில் நிற்க வேண்டும். திகதி கிடைக்க இரண்டு மாதம். உள்ளங்கையை மட்டும் மரக்கச் செய்து, கால் மணித்தியாலத்தில் அந்த வளையத்தை வெட்டி விட்டார்கள். “அம்மா, இப்ப மடக்கி நீட்டுங்கோ” என்றார் டொக்டர். மேசையில் படுத்தபடியே நீட்டினேன். ‘டக்’ இல்லை. 12ஆம் நாள் தையல் பிரித்தார்கள்.

நரம்பு காயப்படலாம், கிருமி தொற்றலாம் என்று கையெழுத்து வாங்கும்போதே சொன்னார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சீனி இல்லாதவர், வருத்தம் தொடங்கி ஓரிரு மாதம்தான் என்றால் ஊசியைப் பார்க்கலாம். என்னைப் போன்றவர்கள் அதில் மாதங்களைக் கழிக்காமல் சத்திரசிகிச்சை பற்றி டொக்டரிடம் நேரத்தோடு கேளுங்கள்.

மூன்று மாதம் ஆகிறது. கத்தரிக்கோல் பிடி தழும்பில் பட்டால் இன்னும் சுரீர் என்கிறது. பிடியில் பழைய வொயில் துண்டொன்றைச் சுற்றி வைத்துக்கொண்டு தீபாவளி பிளவுஸ்களை வெட்டுகிறேன்.