பறவைக் குறிப்பு எழுத நோட்டா, இ-பேர்ட் செயலியா?

வேடந்தாங்கலுக்குக் கிளம்பும் மாணவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்.

செலவு: நோட்டும் பென்சிலும் 50 ரூபாய்க்குள் முடியும். பார்த்த பறவைகளைப் பட்டியலிடும் இ-பேர்ட் செயலி இலவசம், ஆனால் போன் வேண்டும்.

தாங்குவது: பென்சில் எழுத்து நனைந்தாலும் கரையாது, பேனா மை பரவிவிடும். போனில் சார்ஜ் தீர்ந்தால் வேலை நின்றுபோகும்.

எளிமை: நேரம், நடந்த தூரம், இடம் எல்லாம் செயலியே பதிந்துகொள்ளும். 2002இல் தொடங்கிய இ-பேர்ட் தளத்தில் ஏற்றிய பட்டியல் ஆய்வாளர்களுக்கும் பயன்படுகிறது. ஆனால் நத்தைக்குத்தி நாரை குச்சியைக் கவ்வி வந்து கூட்டில் செருகும் விதத்தை நோட்டில் படம் போட்டு எழுதிப் பாருங்கள். வரைய வரையத்தான் அலகின் நடுவே இருக்கும் இடைவெளியே கண்ணில் படும்.

பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்குச் செயலி போதும். நடத்தையைப் படிப்பவருக்கு நோட்டுதான். எண்ணிக்கையை மட்டும் அன்றிரவே செயலியில் ஏற்றிவிடுங்கள்.