மிசாவா, டிக்கின்சனா? சான் ஹோசே ஷார்க்ஸின் இளம் வீரர்கள் இருவர்

வட அமெரிக்காவின் என்.எச்.எல். பனி ஹாக்கி லீக்கில் ஆடும் சான் ஹோசே ஷார்க்ஸ் அணியின் இளம் வீரர்களை ரசிகர்கள் வரிசைப்படுத்தும்போது, நடுக்கள வீரர் மேக்லின் செலபிரினிக்கு அடுத்த இடம் அவரைப் போலவே நடுக்களத்தில் ஆடும் மைக்கேல் மிசாவுக்கா, தற்காப்பு வீரர் சாம் டிக்கின்சனுக்கா என்பதில்தான் வாதம் சூடுபிடிக்கிறது.

தேர்வு (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் ஆண்டு நிகழ்வு): மிசா 2025இல் 2ஆவது இடத்தில் எடுக்கப்பட்டார், டிக்கின்சன் 2024இல் 11ஆவது இடத்தில்.

2024-25 ஒன்டாரியோ ஹாக்கி லீக் (இளையோர் லீக்): மிசா 65 ஆட்டங்களில் 62 கோல்களுடன் 134 புள்ளிகள் (கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்ந்த கூட்டு), டிக்கின்சன் 55 ஆட்டங்களில் 29 கோல்களுடன் 91 புள்ளிகள். தற்காப்பு வீரர் ஒருவர் இவ்வளவு எடுப்பது அரிது என்பதால், வெறும் கூட்டுத்தொகையை வைத்து மிசாவை மேலே நிறுத்துவது நியாயமாகாது.

முதிர்ச்சி: முன்களத்தில் செய்யும் பிழையைத் திருத்த பின்னால் ஆள் உண்டு. ஆனால் தன் வலைக்குப் பின்னே பக்கை (ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் வட்டை) எடுக்கத் திரும்பும் தற்காப்பு வீரர், முதுகில் எதிராளி மோதவரும் அந்த ஒரு நொடிக்குள் யாருக்குத் தருவது என்று முடிவெடுத்தாக வேண்டும். அதில் தவறினால் பெரும்பாலும் எஞ்சுவது கோல்காப்பாளர் மட்டுமே. ஆகவே டிக்கின்சனுக்குக் கூடுதல் காலம் கொடுக்க வேண்டும்.

கோல் அடிக்கும் திறனுக்கு முதலிடம் தருவோருக்கு மிசாவே பொருத்தமானவர். அணியின் தேவையைப் பார்ப்போர் டிக்கின்சனைத் தேர்ந்தெடுக்கலாம். நடுக்களத்தில் செலபிரினி ஏற்கெனவே இருப்பதால் நான் டிக்கின்சனையே முன்வைக்கிறேன்.